குளவிக்கொட்டு: முதல் கால்மணி நேரம்

தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் தென்னை ஏறுகிறவர்கள் மரத்தில் கை வைக்கும் முன் கதண்டு என்ற குளவியின் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் குளவிக்கொட்டு என்பது வேலையோடு கூடவே வரும் ஆபத்து. ஊரக வேலைத் திட்டத்தில் புதர் வெட்டும்போதோ, இறுதி ஊர்வலத்தில் வெடி போடும்போதோ கூடு கலைந்தது என்ற செய்தியும் ஆண்டுதோறும் வருகிறது. சில சமயம் அந்தச் செய்தி மரணத்தில் முடிகிறது.

குளவியோ தேனீயோ கொட்டினால் வலியும் வீக்கமும் எல்லாருக்கும் உண்டு. தேனீ நஞ்சின் உலர் எடையில் ஏறத்தாழ பாதி மெலிட்டின் என்ற பொருள். செல்களின் சவ்வைத் துளைப்பது அதன் வேலை. சிலருக்கு விரலில் கொட்டினால் முழங்கை வரை வீங்கும், இரண்டாம் நாள் இன்னும் பெரிதாகும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த வீக்கம் பெரும்பாலும் சீழ் பிடித்ததால் வருவதல்ல, ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ஐஸ் ஒத்தடம், செட்ரிசின் மாத்திரை, கையைச் சற்று உயர்த்தி வைப்பது போதும். ஒரு வாரம், பத்து நாளில் வடிந்துவிடும். சுண்ணாம்பு தடவுவதால் பயனில்லை. நஞ்சு இருப்பது தோலுக்கு அடியில்; சுண்ணாம்பு மேல்தோலைத்தான் புண்ணாக்கும்.

தேனீயின் கொடுக்கு நஞ்சுப் பையோடு தோலிலேயே தங்கி, நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். பெரும்பகுதி முதல் 20 நொடிகளில் இறங்கிவிடும். அதைக் கிள்ளி எடுக்கக் கூடாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், தாமதம்தான் கெடுதல் என்று 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழ வாசனை கொண்ட ஒரு வேதிப்பொருள் கிளம்பி மற்றத் தேனீக்களையும் அழைக்கும். ஆகவே நின்று கையை வீசி விரட்டாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

ஆனால் ஒரே கொட்டில் உயிர் போவது நஞ்சின் அளவால் அல்ல, ஒவ்வாமையால். பாரிஸில் ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே இருவரும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய்கள், சில வாரம் கழித்துப் போட்ட மிகச் சிறிய அளவிலேயே நிமிடங்களில் செத்தன. பழகப் பழக உடல் தாங்கும் என்று நினைத்ததற்கு நேர் எதிராக நடந்தது. 1902இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். “போன தடவை கொட்டியபோது ஒன்றும் ஆகலையே” என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். முதல் கொட்டில் உடல் ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருக்கலாம். அடுத்த கொட்டில் அது தூண்ட, மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. ரத்தக்குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் சரியும், மூச்சுக்குழாய் இறுகும்.

உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், இளைப்பு, வாந்தி, தலைசுற்றல் ஆகியவை இந்த ஒவ்வாமையின் அறிகுறிகள். தடிப்பே இல்லாமல் நேராக மயங்கி விழுகிறவர்களும் உண்டு. பிரிட்டனில் இந்த ஒவ்வாமையால் இறந்தவர்களைப் பற்றிய ஆய்வில், கொட்டியதற்கும் மூச்சோ இதயமோ நின்றதற்கும் இடைப்பட்ட நேரம் நடுமதிப்பில் 15 நிமிடம்.

இந்த நேரத்துக்குள் வேலை செய்யும் முதல் மருந்து அட்ரினலின்தான். நம் ஊரில் பல இடங்களில் முதலில் அவில், டெக்சா ஊசிகளைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் இருக்கிறது. அது தவறு. அவில் ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கும், சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. டெக்சா வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். அட்ரினலின் ரத்தக்குழாயை இறுக்கி, மூச்சுக்குழாயைத் திறந்துவிடும். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். தேறாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. ஊசி போடுவது மருத்துவரும் செவிலியரும் பார்க்கும் வேலை. மற்றவர்கள் 108ஐ அழைத்து, ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு திணறினால் மட்டும் உட்காரலாம். எழுப்பி நடக்க வைக்கவே கூடாது. திடீரென்று எழுந்ததால் இதயம் நின்று இறந்தவர்கள் உண்டு.

கூட்டமாகக் கொட்டினால் கதை வேறு. ஒவ்வாமை இல்லாதவருக்கும் நஞ்சு தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்து, ஓரிரு நாளில் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் அதுதான் எச்சரிக்கை. ஐம்பது, நூறு கொட்டு வாங்கியவரை, நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஒரு முறை மயக்கம் வரை போய்ப் பிழைத்தவர்கள் ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நஞ்சையே சிறுகச் சிறுக ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சை பலன் தருகிறது என்பது 1978இலேயே நிறுவப்பட்டுவிட்டது. மூன்று முதல் ஐந்து ஆண்டு தொடர வேண்டும்.

அட்ரினலின் மலிவான மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தோட்ட மருந்தகத்திலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தயங்காமல் போடப் பயிற்சி பெற்ற ஒருவர் பணியில் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள்.