‘வெய்’: எவ்வளவு கனம்? யார் தூக்கிப் பார்த்தது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். ஆங்கில வாக்கியங்களைக் காதில் விழுகிற மாதிரியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல். ‘வெய்’. டபிள்யூ, இ, ஐ, ஜி, எச். கடைசி ரெண்டு எழுத்தும் வாயில வராது. வழின்னு அர்த்தம் வர்ற ‘வே’ இருக்கு இல்லையா, உச்சரிப்பு அச்சு அசல் அதேதான். எடை போடுறது, எடை இருக்கிறது, யோசிச்சு முடிவெடுக்கிறதுன்னு மூணு வேலையையும் இந்த ஒரே சொல் பார்க்குது. நமக்குக் குழப்பம் வர்றதும் அங்கேதான்.

வெண்ணெய் உருண்டை எவ்வளவு வெய்ட்?

மாமல்லபுரம் போனவங்க போன்ல ஒரு போட்டோ கட்டாயம் இருக்கும். கிருஷ்ணர் வெண்ணெய் உருண்டையைக் கையால தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போஸ். 2019 அக்டோபர்ல பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அதே கல்லு முன்னாடி நின்னு எடுத்த படம் உலகம் பூரா போச்சு.

அந்தக் கல்லைப் பத்தி எல்லாரும் கேக்குற கேள்வி: ‘ஹவ் மச் டஸ் இட் வெய்?’ எவ்வளவு எடை இருக்கும்? பதிலும் ரெடியா இருக்கு: சுமார் 250 டன்.

இப்போ அடுத்த கேள்வியைக் கேளுங்க. ‘ஹூ வெய்ட் இட்?’ யார் நிறுத்துப் பார்த்தது?

யாரும் இல்லை. 1908ல சென்னை மாகாண கவர்னரா இருந்த ஆர்தர் லாலி, இந்தக் கல்லு உருண்டுடுமோன்னு ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், கல்லு அசையலைன்னு ஒரு கதை சொல்லுவாங்க. அசைக்கவே முடியாத ஒண்ணை எந்தத் தராசுல ஏத்துறது?

அப்போ 250 எங்கிருந்து வருது? கணக்குல இருந்து. நாமளே போட்டுப் பார்க்கலாம். உயரம் சுமார் 6 மீட்டர், அகலம் சுமார் 5 மீட்டர். முட்டை வடிவம்னு வெச்சுக்கிட்டா கொள்ளளவு கிட்டத்தட்ட 79 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். பெருக்கினா 210 டன்னுக்குப் பக்கத்துல வருது. முன்னாடி இருந்து பார்த்தா உருண்டை, பின்னாடி போய்ப் பார்த்தா ஒரு பகுதியே காணோம். அதனால நம்ம கணக்கும் தோராயம், ஊர் சொல்ற கணக்கும் தோராயம்.

ஒரே கல்லு, ஒரே வினைச்சொல், ஆனா ரெண்டு வேற கேள்வி. ‘டஸ் இட் வெய்’ங்கிறது கல்லோட நிலை. கல்லு சும்மா உக்காந்திருந்தாலே போதும். ‘ஹூ வெய்ட் இட்’ங்கிறது ஒரு ஆள் செய்யுற வேலை. இந்த எபிசோட்ல வேற எதுவும் ஞாபகம் இல்லைன்னாலும் இதை மட்டும் வெச்சுக்கோங்க.

தமிழ்ல இது ஏன் குழப்பாது?

ஏன்னா நாம ரெண்டுக்கும் வேற வேற சொல்லு வெச்சிருக்கோம். செய்யுற வேலைக்கு ‘நிறு’, ‘எடை போடு’. நிலைக்கு ‘இருக்கு’, ‘வருது’. மீன் வாங்குறப்போ கவனிங்க. “அண்ணே, இதை எடை போடுங்க.” தட்டுல போட்டுட்டு அவர் சொல்லுவார்: “ஒண்ணே கால் கிலோ வருதும்மா.” ஆங்கிலத்துல இந்த ரெண்டு இடத்துலயும் ‘வெய்’தான்.

இதனால வர்ற பெரிய தப்பு: ‘ஐ ஆம் வெய்யிங் சிக்ஸ்டி கிலோஸ்’. நிலையைச் சொல்றப்போ ‘இங்’ வேண்டாம். ‘ஐ வெய் சிக்ஸ்டி கிலோஸ்’ போதும். ஆனா மீன்காரர் தராசுல போட்டுக்கிட்டு இருக்கார்னா ‘ஹி இஸ் வெய்யிங் த ஃபிஷ்’ சரி. வேலை நடக்குதுன்னா ‘இங்’ வரும், நிலைன்னா வராது.

தமிழ்லயும் ஒரு குட்டி கண்ணி இருக்கு. ‘நிறுத்தான்’னா எடை போட்டான். ‘நிறுத்தினான்’னா ஓடுறதை நிக்க வெச்சான். ஒரு ‘இன்’ மாறினா லாரி எடை மேடையில ஏறினதா, ரோட்டுல மடக்கப்பட்டதான்னே மாறிப் போகும்.

வெய், வெயிட், வெயிட்

காதுக்கு ஒண்ணா கேக்குற மூணு சொல்லு. எடைங்கிற பெயர்ச்சொல் ‘வெயிட்’. காத்திருன்னு சொல்ற ‘வெயிட்’. எடை போட்டான்கிற ‘வெய்ட்’. முதல் ரெண்டுக்கும் ஒரே உச்சரிப்பு, ‘பட்டு’ல வர்ற ட. மூணாவதுக்கு ‘படம்’ல வர்ற ட. ஆடியோ கேட்டவங்களுக்கு வித்தியாசம் புரிஞ்சிருக்கும், படிக்கிறவங்க வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

கூரியர் ஆபீஸ்ல ‘ப்ளீஸ் வெயிட் த பார்சல்’னு சொல்றவங்க உண்டு. வினைச்சொல்லுக்குக் கடைசியில ட் கிடையாது. ‘ப்ளீஸ் வெய் த பார்சல்’. நம்ம ஊர்ல ‘வெயிட் பண்ணு’ன்னா காத்திரு, ‘வெயிட் போட்டுப் பாரு’ன்னா நிறுத்துப் பாரு, ‘வெயிட் போட்டுட்ட’ன்னா குண்டாயிட்ட. இந்த மூணாவதை அப்படியே தூக்கி ‘ஐ புட் வெயிட்’னு வைக்க முடியாது. ‘ஐ புட் ஆன் வெயிட்’ இல்லைன்னா ‘ஐ கெய்ண்ட் வெயிட்’. மெஷின்ல ஏறிப் பார்த்தேன்னு சொல்லணும்னா ‘ஐ டுக் வெயிட்’ இல்லை, ‘ஐ வெய்ட் மைசெல்ஃப்’.

வாகனமும் இதுக்குச் சொந்தம்தான்

சரி, இந்தச் சொல்லு எங்கிருந்து வந்துச்சு? பழைய ஆங்கிலத்துல இதோட முதல் அர்த்தம் எடை போடுறது இல்லை. சுமக்கிறது, தூக்குறது, நகர்த்துறது. தூக்கிப் பார்த்தாத்தான் கனம் தெரியும்கிறதால, தூக்குறதுக்கான சொல்லே எடை போடுறதுக்கும் ஆச்சு.

அந்த வேர்ல இருந்து கிளைச்ச சொந்தக்காரங்களைப் பாருங்க. வழிங்கிற ‘வே’. டச்சு மொழி வழியா ஆங்கிலத்துக்கு வந்த ‘வேகன்’. செங்கல்பட்டு ஜங்ஷன்ல நிக்கிற கூட்ஸ் ரயில் பெட்டி வேகன்தானே? மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்துல கோட்டை கட்டி வியாபாரம் பண்ணின டச்சுக்காரங்க பேச்சுல எடை போடுறதுக்கு இன்னிக்கும் ‘வெய்’க்கு அண்ணன் தம்பியான சொல்லுதான். சமஸ்கிருதத்துல ‘வஹ்’, அதாவது சுமந்து செல்றது. அதுல இருந்து வந்ததுதான் ‘வாகனம்’. ஆக ஒரு லாரி எடை மேடையில ஏறுறப்போ ஒன்னுவிட்ட சொந்தக்காரங்க சந்திச்சுக்குறாங்க.

தமிழும் தனியா அதே வழியில யோசிச்சிருக்கு. ‘தூக்கு’ன்னா உயர்த்து; பழந்தமிழ்ல நிறுத்துப் பார்க்கிறதுக்கும் ‘தூக்கு’தான். ‘துலா’வும் இப்படித்தான். தராசுக்கும் அந்தப் பேரு, கிணத்துல தண்ணி தூக்குற ஏற்ற மரத்துக்கும் அந்தப் பேரு. வெண்ணெய் உருண்டையில இருந்து கொஞ்ச தூரத்துல கிருஷ்ண மண்டபம் இருக்கு. கோவர்த்தன மலையை ஒத்தைக் கையால தாங்குற கண்ணன் சிற்பம். பழைய ஆங்கில அர்த்தத்துல பார்த்தா, அவர் அந்த மலையை ‘வெய்’ பண்ணிக்கிட்டு நிக்கிறார்.

கடல்ல மட்டும் இந்தப் பழைய அர்த்தம் ஆங்கிலத்துல உயிரோட இருக்கு. ‘வெய் ஆங்கர்’. நங்கூரத்தை எடை போடுறது இல்லைங்க, நங்கூரத்தைத் தூக்குறது. படகு கிளம்புதுன்னு அர்த்தம்.

கூட்டாளிச் சொற்கள்

‘வெய்’யோட இன்னொரு குட்டிச் சொல்லு சேர்ந்தா அர்த்தம் மாறும். ஒரே ஒரு சூழ்நிலையை வெச்சுப் பார்ப்போம். மாமல்லபுரம் பக்கத்து மீனவர் குப்பம். பலத்த காத்து அடிக்கும்னு எச்சரிக்கை வந்திருக்கு. ஃபைபர் படகு கரையில நிக்குது. போகலாமா வேண்டாமா?

‘வெய் அப்’: நல்லது கெட்டது எல்லாத்தையும் சேர்த்துச் சீர்தூக்கிப் பார்க்கிறது. கிடைக்கிற மீன், டீசல் செலவு, காத்து. இதெல்லாம் ‘வெய் அப்’.

‘வெய் அகெய்ன்ஸ்ட்’: ஒண்ணுக்கு எதிரா இன்னொண்ணை வெச்சுப் பார்க்கிறது. துலாபாரம் பார்த்திருப்பீங்க. ஒரு தட்டுல குழந்தை, எதிர்த் தட்டுல வெல்லம். அந்தக் காட்சியை மனசுல வெச்சுக்கிட்டா இது மறக்காது. இங்கே ஒரு தட்டுல ஒரு நாள் வருமானம், எதிர்த் தட்டுல உயிர்.

‘அவுட்வெய்’: ஒரு தட்டு இறங்கிடுச்சு. ‘த ரிஸ்க்ஸ் அவுட்வெய் த பெனிஃபிட்ஸ்’. லாபத்தைவிட ஆபத்து பெருசு. படகு கரையிலேயே நிக்கும்.

‘வெய் ஆன்’: மனசை அழுத்துறது. போகாத நாளோட கடன், வீட்டுச் செலவு ‘வெய்ஸ் ஆன் ஹிம்’. ‘வெய் டவுன்’ இதுக்குப் பக்கத்து வீடு. அதுல நிஜமான சுமையும் வரும். ஈரமான வலை தோளை இழுக்கிறதுக்கும் சொல்லலாம்.

‘வெய் இன்’: நடந்துக்கிட்டு இருக்கிற பேச்சுல தன் கருத்தைச் சொல்லி நுழையுறது. டீக்கடையில இருக்கிற பெரியவர் “இன்னிக்கு வேணாம்ப்பா”ன்னா, ‘ஹி வெய்ட் இன்’. குத்துச்சண்டை வீரர்கள் போட்டிக்கு முன்னாடி எடை காட்டுறதுக்கும் இதே சொல்லு.

‘வெய் யுவர் வேர்ட்ஸ்’: வார்த்தையை அளந்து பேசு. பாருங்க, ஆங்கிலத்துல வார்த்தையை நிறுக்கிறாங்க, தமிழ்ல அளக்கிறோம். சந்தேகம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

எண்ணைக் கேட்டா, தராசையும் கேளுங்க

இப்போ முதல்ல சொன்ன ரெண்டு கேள்விக்குத் திரும்புவோம். ‘எவ்வளவு வெய் பண்ணுது’ன்னு சொல்ற ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாடி, ‘யார் வெய் பண்ணது’ன்னு ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கு.

குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் கேக்குறார்: ‘ஹவ் மச் டஸ் த சைல்ட் வெய்?’ இது சும்மா பேச்சுக்குக் கேக்குற கேள்வி இல்லை. பாராசிட்டமால் மாதிரி மருந்தைக் குழந்தைகளுக்கு வயசை மட்டும் பார்த்து இல்லை, ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்னு கணக்குப் பண்ணித்தான் கொடுக்குறாங்க. நீங்க ஆறு மாசத்துக்கு முன்னாடி பார்த்த எண்ணைச் சொன்னா, மருந்தும் ஆறு மாசத்துக்கு முந்தின குழந்தைக்குத்தான் சேரும். “நிறுத்துப் பார்த்துச் சொல்றேன் டாக்டர்”ங்கிறதுதான் சரியான பதில்.

செங்கல்பட்டு சுத்துவட்டாரத்துல ஜல்லி, எம்சாண்ட் லாரிகள் ஏறுற எடை மேடையைப் பாருங்க. லாரியை ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை நிறுப்பாங்க. காலியா ஒண்ணு, லோடோட ஒண்ணு. கழிச்சா வர்றதுதான் சரக்கோட எடை. ஸ்வீட் கடையில காலி டப்பாவை வெச்சு மெஷின்ல சைபர் ஆக்குறதும் இதே கணக்குதான். அதைப் பண்ணாம விட்டா அட்டை டப்பாவுக்கும் நெய் மைசூர்பா விலை கொடுப்பீங்க. வியாபாரத்துல பயன்படுத்துற தராசைச் சோதிச்சு முத்திரை வைக்கணும்னு சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 சொல்லுது. அடுத்த தடவை அந்த முத்திரையைத் தேடிப் பாருங்க.

மீன்ல இன்னொரு முறையும் இருக்கு: கூறு. தராசே கிடையாது. அந்த அக்கா கண்ணாலயும் கையாலயும் பார்த்துப் பிரிச்சு வைப்பாங்க. நீங்களும் கண்ணால பார்த்து வாங்குவீங்க. ஒருத்தரும் ‘இது ஒண்ணரைக் கிலோ’ன்னு சத்தியம் பண்ணலை. அதனால அதுல ஏமாத்து இல்லை. தோராயத்தைத் தோராயம்னு சொன்னா அது நேர்மை. தோராயத்தை நிறுத்த எடை மாதிரி சொன்னாத்தான் சிக்கல்.

ஆளுங்களுக்கும் இதேதான். ‘அவனை எடை போட்டுட்டேன்’னு சட்டுனு சொல்லிடுறோம். போட்ட சட்டை, பேசுற இங்கிலீஷ், வந்து இறங்குன வண்டி. இதெல்லாம் தூரத்துல நின்னு கல்லைப் பார்த்துக் கணக்குப் போடுறது மாதிரி, அதுவும் முன்பக்கத்தை மட்டும் பார்த்து. குறள்ல நடுவு நிலைமை அதிகாரத்துல சான்றோருக்கு உவமையா வர்றது தராசுக் கோல். அது முதல்ல தன்னைச் சமமா நிறுத்திக்கும், அப்புறம்தான் மத்ததைத் தூக்கும்.

இந்த வாரத்துக்கு ஒரு சின்னப் பயிற்சி. ‘வெய்’யை வெச்சு மூணு வாக்கியம் எழுதுங்க. ஒண்ணு நிலை, ஒண்ணு வேலை, ஒண்ணு முடிவு. அடுத்த எபிசோட்ல அளக்கிற ‘மெஷர்’ பத்திப் பேசுவோம்.