வில்பட்டை கூடினால் பாரம் குறையுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வாகனங்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். சுமையின்றித் திரும்பும்போது அவற்றில் பலவற்றின் பின்புறம் தூக்கலாக நிற்கும். பின் அச்சைத் தாங்கும் வில்பட்டைகளோடு கூடுதலாக ஓரிரு பட்டைகளைச் சேர்த்திருப்பார்கள். அல்லது அச்சுக்கும் வில்லுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து உயர்த்தியிருப்பார்கள். அமெரிக்காவில் பிக்-அப் வாகனங்களைத் தோற்றத்துக்காகவும் பெரிய சக்கரம் பூட்டவும் உயர்த்துகிறார்கள். கோட்டைப்பட்டினத்தில் அது பிழைப்புக்காக நடக்கிறது. பெரிய வாகனம் வாங்கப் பல லட்சம் வேண்டும். பட்டை சேர்க்கச் சில ஆயிரம் போதும்.

இந்த நெருக்கடியின் வேர் கடலின் நாட்காட்டியில் இருக்கிறது. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்களும், நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் கடலுக்குச் செல்வது நீண்டகால ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். ஆகவே விசைப்படகு மீன் சில நாள்களில் மட்டும் மொத்தமாகக் கரை சேர்கிறது. அன்று வாகனம் போதாது. மறுநாள் வேலை இல்லை. மீனோ காத்திருக்காது.

எடைக் கணக்கும் எதிராகவே இருக்கிறது. வெப்பமான நம் பகுதியில் மீனின் எடைக்குச் சமமான பனிக்கட்டி இட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. 2005-இல் சந்தைக்கு வந்து, நம் மக்களால் ‘குட்டி யானை’ எனப் பெயர் பெற்ற டாடா ஏஸின் சுமைத்திறன் 750 கிலோ. பாதி பனிக்கட்டிக்குப் போனால் மீனுக்கு மிஞ்சுவது 375 கிலோ. பெட்டிகளின் எடையைக் கழித்தால் அதுவும் இல்லை. வாடகையோ பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. இரண்டு நடையை ஒரே நடையில் முடிக்கும் ஆசை அங்கேதான் பிறக்கிறது.

ஆனால் பட்டையைக் கூட்டினால் வாகனத்தின் திறன் கூடிவிடாது. பின்புறம் தாழாமல் இருக்கும், அவ்வளவுதான். அச்சும் சட்டமும் டயரும் பிரேக்கும் பழைய அளவிலேயே இருக்கின்றன. பல சரக்கு வாகனங்களில், பின்புறம் எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்துச் சுமையை உணர்ந்து, பின் சக்கர பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. விறைத்த பட்டைகளால் பின்புறம் தாழாதபோது, வண்டியில் சுமையே இல்லை என்று அது கணக்கிடும். பிரேக் மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைக்கும். வெறும் வண்டியாகத் திரும்பும்போதோ பின் சக்கரங்கள் துள்ளித் துள்ளித் தரைப்பிடிப்பை இழக்கும்.

இந்த அபாயத்தை ஏற்கும் ஓட்டுநருக்கு அதற்குரிய ஆதாயமாவது கிடைக்கிறதா? இல்லை என்பதே பொருளாதாரம் சொல்லும் விடை. முதலில் பட்டை கூட்டியவருக்குச் சில மாதங்கள் கூடுதல் வருமானம் கிடைக்கும். பிறகு எல்லோரும் கூட்டுவார்கள். அதிகச் சுமையே வழக்கமான சுமையாகி, கிலோவுக்கான வாடகை அதற்கேற்பச் சரியும். கூட்டாதவர் தொழிலில் நிற்க முடியாது. முடிவில் ஆதாயம் சரக்கை அனுப்புவோர் கைக்குப் போகும். டயர்ச் செலவும் விபத்து அச்சமும் ஓட்டுநரிடம் தங்கும்.

செலவின் மற்றொரு பகுதி ஊரார் தலையில் விழுகிறது. இதைப் புறவிளைவு என்பார்கள். 1920-இல் ஆர்தர் பிகூ விரிவாக விளக்கிய கருத்து. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை, அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சாலை சேதமடைகிறது என்று காட்டியது. அச்சுச் சுமை ஒன்றரை மடங்கானால் சேதம் ஐந்து மடங்கு. கனரக லாரிகளுக்காக அமைத்த நெடுஞ்சாலைக்குச் சிறு வண்டிகளால் பெரிய கேடில்லை. இறங்குதளத்தையும் ஊரையும் இணைக்கும் மெல்லிய சாலைகள்தாம் பெயர்கின்றன. பிரேக் பிடிக்காத வண்டியின் எதிரே வருபவர் கொடுக்கும் விலைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

சட்டம் தெளிவாகவே உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு உற்பத்தியாளரின் மூல அளவுகளுக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பின் அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் பொறுப்பு என்கிறது சட்டம். நடைமுறையில் சாலையில் மாட்டுபவர் ஓட்டுநரே.

எனவே சோதனை சாலையில் தொடங்காமல் இறங்குதளத்தில் தொடங்க வேண்டும். ஏற்றும் இடத்திலேயே எடை போட்டு, வாடகையை நடைக்கு என்றில்லாமல் கிலோவுக்கு நிர்ணயித்தால் அதிகச் சுமையின் தூண்டுதல் குறையும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் நேர்மையாக ஏற்றுபவர் தோற்கமாட்டார். கரையருகே குளிர்பதனக் கிடங்கு இருந்தால் ஒரு நாள் வரத்தை இரண்டு நாளில் அனுப்பலாம். வெப்பம் புகாத பெட்டிகள் பனிக்கட்டியின் தேவையைக் குறைக்கும். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வெப்பத்தடுப்பு வாகனங்களுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. எஞ்சிய தொகைக்குக் கூட்டுறவுக் கடன் கிடைத்தால், ஒற்றை வண்டி வைத்திருப்பவரும் தம் தொழிலுக்கேற்ற வாகனத்தை வாங்க முடியும். அதைச் செய்யாமல் அபராதத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், வாடகையில் ஏற்கெனவே ஆதாயத்தை இழந்து நிற்கும் ஓட்டுநரிடமே மீண்டும் வசூலிப்பதாகும்.