நியூட்ரலில் இறங்கும் மலை

வண்டிக் கிறுக்கு – 17

தர்மபுரி நான்கு ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு டீ சொன்னால், டீ வருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "என்னங்க கொடுக்குது?" எத்தனை குதிரைத்திறன், என்ன டார்க் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான் கேள்வி. பதிலைக் கேட்டதும் முகத்தில் ஒரு அனுதாபம் வரும் பாருங்கள், வீட்டில் ஏதோ துக்கம் நடந்ததுபோல.

என்னைப் போன்ற வண்டிக் கிறுக்கர்களுக்கு இந்தக் கேள்வி என்றாலே இளக்காரம். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தேன். இப்போது இல்லை. இந்த ஒரே கேள்விதான் நம் மாவட்டத்தில் ஒரு அருமையான வண்டி பிறக்கக் காரணம். தொப்பூர் மலை இறக்கத்தில் ஆள் சாவதற்குப் பின்னாலும் இதே கேள்விதான் இருக்கிறது.

முதலில் அந்த வண்டி: பெட்ரோலை எண்ணிப் போடுபவர்களுக்கான டிவிஎஸ் 50. 1980இல் ஒசூர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் அப்போது ஒசூர் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். ஆகவே உரிமை கொண்டாடுவதில் தப்பில்லை. இரண்டு பேர் உட்காரும்படி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அது. கியர் கிடையாது, கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துக்கொண்டே வீடு வந்து சேரலாம்.

அதன் வாரிசான எக்ஸ்எல்லைப் பார்க்க வேண்டுமென்றால் ஷோரூமுக்குப் போகாதீர்கள், பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போங்கள். ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவில் மற்ற பைக்குகளில் டேங்க் இருக்கும். பளபளவென்று வளைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, அதற்குத் தனியாகக் காசும் வாங்கிவிடுவார்கள். எக்ஸ்எல்லில் அந்த இடம் காலி. உர மூட்டை, பால் கேன், தக்காளிப் பெட்டி, ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை எல்லாம் அந்தக் காலி இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 2015இல் 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மாறிய பிறகும் அந்த இடத்தில் யாரும் கை வைக்கவில்லை. சூப்பர் பைக்குக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகைகள், நாலு தக்காளிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தடவையாவது எக்ஸ்எல்லை ஓட்டிப் பார்த்து எழுதியிருக்கலாம்.

இனி தொப்பூர்.

பழைய ஏழாம் நம்பர் ரோடு, இப்போது 44. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ரோடு கீழே சரியத் தொடங்கும். வளைந்து வளைந்து இறங்கி இரட்டைப் பாலத்துக்கு வரும். 2020 டிசம்பரில் ஒரு லாரி வரிசையாக நின்ற வண்டிகள்மேல் ஏறியதும், 2024 ஜனவரியில் லாரிகளுக்கு நடுவே சிக்கிய கார் எரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் செய்தியில் "பிரேக் பிடிக்காமல்" என்ற சொற்கள் தவறாமல் வரும்.

எனக்கு அந்தச் சொற்களில் உடன்பாடில்லை. ஆறிய பிறகு அதே பிரேக்கைச் சோதித்தால் பல சமயம் நன்றாகவே பிடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். பத்து வீல் லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. அவ்வளவு எடை 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சாதாரணத் தண்ணீர் 95 லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகம் கூடக்கூடாது என்றால் அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜினிடம் கொடுக்கலாம், இல்லையென்றால் பிரேக் டிரம்மிடம் கொடுக்கலாம். வேறு ஆள் கிடையாது.

கியரில் இறங்கினால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். அந்த வேலையிலேயே வண்டி அடங்கும். எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டால் புகைபோக்கும் குழாய் அடைபட்டு, இன்ஜின் இன்னும் முரண்டு பிடிக்கும். ஏறுவதற்கு எந்த கியரோ, இறங்குவதற்கும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதனால்தான். நியூட்ரலில் போட்ட நொடியே இன்ஜின் கழன்றுகொள்கிறது. முழுச் சுமையும் டிரம்மின் தலையில். டிரம் சூடேறி வெளிப்பக்கமாக விரியும்; லைனிங் அதைத் தொடுவதற்கே கூடுதல் தூரம் போக வேண்டும், தொட்டாலும் வழுக்கும். டிரைவர் மறுபடி மறுபடி மிதிப்பார், ஏர் டேங்கில் காற்று குறையும். பயந்துபோய் கியரைப் போடப் பார்ப்பார். சக்கரம் ஒரு வேகத்தில், இன்ஜின் ஐட்லிங்கில். பல்லோடு பல் நறநறக்கும், கியர் விழாது.

சுங்கச்சாவடியில் ஒலிபெருக்கி வைத்து நியூட்ரலில் போகாதீர்கள் என்று சொல்கிறார்கள். அப்படியும் ஏன் போகிறார்கள்? தொப்பூரில் ஒரு டீக்கடையில் நாமக்கல் லாரிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும்.

"டீசல் மிச்சம் தம்பி. ஓனரு கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கணக்குப் பண்ணித்தான் டீசல் குடுக்குறாரு. மிச்சம் புடிச்சா நமக்கு, கூட குடிச்சா படியில கழிப்பாங்க."

"அண்ணே, கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டா இப்ப வர்ற இன்ஜின்ல டீசலே போகாது. நியூட்ரல்ல விட்டாத்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நியூட்ரலில் விட்டால் இறக்கம் முடிந்த பிறகும் வண்டி வெகுதூரம் உருளும், அது கண்ணுக்குத் தெரிகிற லாபம். கியரில் வந்தால் டீசல் நின்றுபோவது யார் கண்ணுக்கும் தெரியாது.

இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு வேரும் இருக்கலாம். கல்லூரி நாளில் எங்கள் வீட்டு டூ ஸ்ட்ரோக் பைக்கில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினேன். பாதி வழியில் பின்சக்கரம் கட்டிக்கொண்டது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் டூ ஸ்ட்ரோக் பிஸ்டனுக்கு வழுக்கல். பெட்ரோலை மூடினால் ஆயிலும் போய்விடும், பிஸ்டன் இறுகும். மெக்கானிக் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "எறக்கத்துல கிளட்ச்சப் புடிச்சுக்கிட்டு வரணும்னு தெரியாதாடா?" அந்த இன்ஜினுக்கு அவர் சொன்னது சரி. ஒரு தலைமுறையே இப்படித்தான் வண்டி பழகியது. லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்க வந்தவர்களில் எத்தனை பேர் டூ ஸ்ட்ரோக்கில் பழகிய அந்தப் பாடத்தோடு வந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போச்சம்பள்ளிப் பக்கம் 2021இல் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபோது நான் பெரிதாக மகிழவில்லை. சத்தம் போடாத வண்டி எனக்கு உப்பில்லாத களி. ஆனால் இறக்கத்தில் ஒரு விஷயம் அதில் உண்டு. மோட்டாரே பிரேக்காக மாறி, கீழே இறங்கும் ஆற்றலை பேட்டரிக்குத் திருப்புகிறது. ஒருவர் ஓட்டும் ஸ்கூட்டர் 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடும் அளவு மின்சாரம் திரும்பும். சின்னக் காசுதான். லாரி என்றால் அந்த 8 யூனிட்டில் பாதிக்கு மேலேயே மீட்கலாம்.

டீக்கடையில் இதையும் அந்த லாரிக்காரரிடம் சொன்னேன். இந்த முறை கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப எறங்கறப்ப சார்ஜ் ஏறுமா?"

"ஏறும்ணே."

"அந்த மிச்சம் ஓனருக்கா, எனக்கா?"