பட்டன் கத்தி: விலைக்கு முன் பார்க்க வேண்டியது சட்டமும் பூட்டும்

மைசூரு: பொத்தானை அழுத்தியவுடன் கைப்பிடிக்குள் இருந்து தெறித்து வெளிவரும் ‘பட்டன் கத்தி’கள் இணையவழி விற்பனைத் தளங்களில் குறைந்த விலைக்குக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. மலையேற்றம், வாகனப் பயணம், தோட்ட வேலை எனப் பல தேவைகளுக்காக முதன்முறையாக ஒன்றை வாங்க முனைவோர் பெரும்பாலும் விலையையும் தோற்றத்தையும் மட்டுமே பார்க்கின்றனர். ஆனால், அந்தக் கத்தியை எங்கே எடுத்துச் செல்லப் போகிறோம் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மைசூருவில் வீட்டு மேசை மீது கிடக்கும் ஒரு கத்தி, பந்திப்பூர் வனச் சோதனைச் சாவடியிலோ, டெல்லி ரயில் நிலையத்திலோ வேறு சட்டங்களுக்கு உட்படுகிறது.

மூன்று வகை மடக்குக் கத்திகள்

மடக்குக் கத்திகளில் மூன்று வகைகள் உண்டு. முதல் வகையில், அலகு எனப்படும் வெட்டும் பகுதியைக் கையாலேயே முழுவதும் திறக்க வேண்டும். இரண்டாவது வகையில், அலகைச் சிறிது தள்ளினால் மீதியை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் திறந்துவிடும். மூன்றாவது வகையே தானியங்கிக் கத்தி. கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினாலே போதும், அலகு முழுவதும் வெளிவந்துவிடும். இதிலும் பக்கவாட்டில் சுழன்று திறப்பவை, முன்புறமாக நேரே வெளிவருபவை என இரு பிரிவுகள் உள்ளன.

விற்பனையாளர்கள் இந்தப் பெயர்களைக் கலந்து பயன்படுத்துவது உண்டு. சட்டம் விளம்பரப் பெயரைப் பார்ப்பதில்லை; கத்தி எவ்வாறு திறக்கிறது, அலகின் நீளம், அகலம் எவ்வளவு என்பதையே பார்க்கிறது.

ஆயுதச் சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் கத்திகளுக்கும் பொருந்துவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். தாக்குவதற்கோ தற்காப்புக்கோ வடிவமைக்கப்பட்ட பொருட்களை அது ஆயுதம் என்கிறது. வீட்டு உபயோகத்துக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உருவாக்கப்பட்ட பொருட்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆயுத விதிகளின் அட்டவணையில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் இடம்பெற்றுள்ளன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகள் அங்கும் விலக்கப்பட்டுள்ளன.

இதனால், 9 அங்குலத்துக்குக் குறைவான எந்தக் கத்தியையும் எங்கும் வைத்திருக்கலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. ஒரு குறிப்பிட்ட பகுதியில் பொது நலன் கருதிக் கட்டுப்பாடு தேவை எனக் கருதினால், அங்கு குறிப்பிட்ட வகை ஆயுதங்களுக்கு உரிமம் கட்டாயம் என அரசு அறிவிக்கச் சட்டத்தின் 4ஆவது பிரிவு இடமளிக்கிறது. அத்தகைய அறிவிக்கையை மீறினால், 25ஆவது பிரிவின்கீழ் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழி உண்டு.

டெல்லியே இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கு 1980 அக்டோபரில் வெளியிடப்பட்ட அறிவிக்கை, பட்டன் கத்திகளையும், ஸ்பிரிங்காலோ வேறு இயந்திர அமைப்பாலோ திறக்கும் கத்திகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அலகின் நீளம் 7.62 சென்டிமீட்டர், அகலம் 1.72 சென்டிமீட்டர் என்பதே அதில் குறிக்கப்பட்ட எல்லை. அதாவது, வெறும் 3 அங்குல நீளம். இத்தகைய வழக்குகளில் கைப்பற்றிய கத்தியைக் காகிதத்தில் வரைந்து, அதன் நீள அகலங்களைக் காவல் துறையினர் குறித்து வைப்பது வழக்கம். சில மில்லிமீட்டர் வேறுபாடுகூட வழக்கின் போக்கைத் தீர்மானிக்கக்கூடும்.

உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நகரமும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1970களின் இந்தித் திரைப்படங்களில் வில்லன்களின் கையில் புகழ்பெற்ற ‘ராம்பூரி’ கத்தி அங்குதான் உருவானது. 9 முதல் 12 அங்குல அலகு கொண்ட அந்தக் கத்தியின் தொழில், 4.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுகளுக்கு மாநில அரசு தடை விதித்த பின் நலிந்தது. இன்று அந்த நகரின் அடையாளமாக, 2023இல் திறக்கப்பட்ட சுமார் 20 அடி நீளக் கத்திச் சிலை நிற்கிறது.

மைசூருவில் இருந்து புறப்படும் முன்

மைசூருவில் வசிப்போருக்குத் தனியாக ஒரு கவனம் தேவை. இங்கிருந்து உதகை, வயநாடு செல்லும் சாலைகள் பந்திப்பூர் வனப் பகுதி வழியே செல்கின்றன. மேற்கே நாகரஹொளே தேசியப் பூங்கா உள்ளது. தமிழக எல்லையைத் தாண்டியதும் முதுமலை தொடங்குகிறது. பயணத்துக்காகவே கத்தி வாங்குவோர் முதலில் செல்லும் இடங்கள் பெரும்பாலும் இவையே.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லின் விளக்கத்திலேயே துப்பாக்கி, வலை, கண்ணி ஆகியவற்றுடன் கத்தியையும் சேர்த்துள்ளது. தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் முன் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது அதன் 31ஆவது பிரிவு. தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். இங்கு அலகின் நீளத்துக்கு எல்லை ஏதும் சொல்லப்படவில்லை. எனவே, சஃபாரிக்கோ மலையேற்றத்துக்கோ செல்வோர் பட்டன் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வதே பாதுகாப்பானது.

நகருக்குள்ளும் கட்டுப்பாடுகள் வரலாம். பதற்றமான சூழல்களில் ஆயுதங்களை ஏந்திச் செல்லத் தடை விதிக்க, முன்பு 144ஆவது பிரிவு என அறியப்பட்டதும் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவாக உள்ளதுமான சட்டம் அதிகாரம் தருகிறது. வாங்கும் முன், அப்போது நடைமுறையில் உள்ள அறிவிக்கைகள் குறித்து மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விமானப் பயணத்தில் கத்தியைக் கைப்பையில் எடுத்துச் செல்ல முடியாது.

வெளிநாட்டில் இருந்து தருவிக்கலாமா?

ஆயுதம் என்ற விளக்கத்துக்குள் வரும் எந்தப் பொருளையும் உரிமமின்றி நாட்டுக்குள் கொண்டுவர ஆயுதச் சட்டத்தின் 10ஆவது பிரிவு தடை விதிக்கிறது. ‘தற்காப்பு ஆயுதம்’ என்று விளம்பரப்படுத்தப்படும் கத்தியை வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கினால், அது சுங்கத் துறையிடம் சிக்கும் வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக அனுப்புவதிலும் இதே எச்சரிக்கை தேவை. பிரிட்டன் இத்தகைய கத்திகளின் விற்பனையை 1959லேயே தடை செய்தது. 2021 ஜூலை முதல் வீட்டில் வைத்திருப்பதும் அங்கு குற்றம். ஜெர்மனியில் சில விலக்குகள் தவிர 2024 அக்டோபர் இறுதியில் தடை வந்தது. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்துடன் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் விதிகளும் உள்ளன.

குறைந்த விலையில் எது குறைகிறது?

சட்டத் தடை இல்லாத இடத்திலும் மலிவான தானியங்கிக் கத்திக்கு வேறொரு சிக்கல் உண்டு. சாதாரண மடக்குக் கத்தியில் இல்லாத ஸ்பிரிங், பொத்தான், பாதுகாப்பு விசை ஆகியவை இதில் கூடுதலாக உள்ளன. ஒரே விலையில் இரண்டையும் ஒப்பிட்டால், தானியங்கிக் கத்தியில் அந்தப் பணத்தின் ஒரு பகுதி இந்த உறுப்புகளுக்கே போய்விடும். எஃகுக்கும் பூட்டுக்கும் மிஞ்சுவது குறைவு.

இவற்றில் பூட்டே முதன்மையானது. திறந்த அலகு வெட்டும்போது திடீரென மடங்கினால், முதலில் காயம்படுவது பிடித்திருக்கும் விரல்களே. அதற்கு நேர்மாறாக, பொத்தான் தளர்ந்திருந்தால் சட்டைப் பைக்குள்ளேயே கத்தி திறந்துகொள்ளும் அபாயம் உண்டு.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ஐந்து சோதனைகள் போதும். திறந்த அலகு மேலும் கீழுமோ பக்கவாட்டிலோ ஆடக் கூடாது. பல முறை திறந்து மூடினாலும் ஒவ்வொரு முறையும் முழுமையாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். அலகின் முதுகுப் பக்கத்தை மெல்ல அழுத்தினாலும் பூட்டு நழுவக் கூடாது. பாதுகாப்பு விசை போட்டிருக்கும்போது பொத்தான் இயங்கக் கூடாது. மூடிய நிலையில் கூர்முனை கைப்பிடிக்கு வெளியே தெரியக் கூடாது.

எஃகின் வகையையும் கேட்க வேண்டும். 420 வகை துருவை நன்கு தாங்கும். ஆனால், கூர்மை விரைவில் மழுங்கும். 440சி வகையில் கார்பன் அதிகம் என்பதால் கூர்மை கூடுதல் நாட்கள் நிற்கும். டி2 வகை கூர்மையை நீண்ட காலம் தக்கவைத்தாலும், ஈரத்தில் துருப்பிடிக்கக்கூடியது. சாணை பிடிப்பதும் கடினம். ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று மட்டும் எழுதி, வகையைக் குறிப்பிடாத கத்தியைத் தவிர்ப்பது நல்லது.

தேவைக்கு எது போதும்?

அட்டைப் பெட்டி பிரித்தல், கயிறு அறுத்தல், பழம் நறுக்குதல் போன்ற அன்றாட வேலைகள் எதற்கும் கத்தி நொடிப்பொழுதில் திறக்க வேண்டிய தேவை இல்லை. அலகு 7 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, உறுதியான பூட்டுள்ள, கையால் திறக்கும் மடக்குக் கத்தி இவை அனைத்துக்கும் போதும். அதில் பழுதாகும் உறுப்புகள் குறைவு. சட்டத்தின் கண்ணிலும் அது கருவியாகவே தெரியும் வாய்ப்பு அதிகம்.

தற்காப்புக்கு என்று வாங்குவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கத்தியால் ஒருவருக்குச் சாதாரணக் காயம் ஏற்படுத்தினாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆவது பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை விதிக்கப்படலாம். கொடுங்காயமானால் தண்டனை ஆயுள் சிறை வரை நீளும். தற்காப்பு உரிமையைச் சட்டம் ஏற்றாலும், அதைப் பின்னர் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருக்கும். ஆபத்து நேரத்தில் 112 என்ற அவசர எண்ணை அழைப்பதும், அந்த இடத்தை விட்டு விலகுவதும் எந்தக் கத்தியை விடவும் நம்பகமானவை.

இவற்றுக்குப் பிறகும் வாங்க முடிவு செய்வோர் முகவரி தெளிவாக உள்ள விற்பனையாளரிடம் உரிய ரசீதுடன் வாங்க வேண்டும். அலகின் நீள அகலங்களைத் தாங்களே அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பதும் அவசியம்.