வீட்டுக்குள் ஒரு சர்வர்

ஒரு குடும்பத்தின் புகைப்படங்களும், குழந்தையின் மழலையைப் பதிந்த வீடியோக்களும், வீட்டுப் பத்திரங்களின் நகல்களும் கண்காணாத ஊரில் ஏதோ ஒரு நிறுவனத்தின் யந்திரங்களில் இருக்கின்றன என்பதை நம்மில் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை. கைபேசியில் எடுத்த படம் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்து, கேட்டபோதெல்லாம் திரும்பி வருவதால், நினைக்க வேண்டிய அவசியமும் நேர்வதில்லை. ஆயினும், 2015இல் தொடங்கி, சற்றே சுருக்கிய படங்களை அளவின்றி இலவசமாய் ஏற்று வந்த கூகிள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகையை நிறுத்தி, அஞ்சல், கோப்பு, படம் அனைத்துக்கும் சேர்த்து 15 ஜிபி என்று எல்லை வகுத்தபோது, இடம் கொடுப்பவர் நிபந்தனையையும் மாற்றலாம் என்பது பலருக்கு ஸ்பஷ்டமாயிற்று. அப்படிச் செய்ய அந்நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நம் பொருளை நாமே வைத்துக்கொள்ள நமக்கும் வழி உண்டு.

சர்வர் என்பது, இராப்பகல் விழித்திருந்து, மற்றக் கருவிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவே. 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்திலிருந்து 35 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவுப் பலகையின் இன்றைய வாரிசுகளில் ஒன்றோ, அலமாரியில் உறங்கும் பழைய லேப்டாப்போ ஒரு குடும்பத்துக்குத் தாராளமாய்ப் போதும். அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்னும் மென்பொருள்களை நிறுவிக்கொண்டால், கைபேசிப் படங்கள் தாமாகவே வீட்டு யந்திரத்துக்கு வந்து சேரும். பாட்டியின் முகத்தை அடையாளங்கண்டு அவர் படங்களை ஒன்றுசேர்க்கும் வேலைகூட வெளியார் கண்ணில் படாமல் அங்கேயே நடந்துவிடும். சுமார் 10 வாட் இழுக்கும் யந்திரம் இடைவிடாது ஓடினாலும், இரண்டு மாத மின்கணக்கில் 15 யூனிட்டைத் தாண்டாது.

மின்சாரம் போய் வரும் ஊர்களில் ஒரு விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். ராஸ்பெர்ரி பை வழக்கமாய் ஓடுவது நகத்தளவு மெமரி கார்டில். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் கார்டில் உள்ளவை சிதைந்துபோகக்கூடும். ஆகையால் தகவல்களை எஸ்.எஸ்.டி.யில் வைத்து, ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸையும் இணைத்துவிட வேண்டும்.

வெளியூரில் இருக்கும்போது வீட்டு சர்வரை எட்டுவது எப்படி என்பதில்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. பழைய முறைப்படி இணையத்தில் உள்ள முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. உலகத்தின் கருவிகளுக்கு இவை காணாமையால், இணைய இணைப்புத் தருவோர் பலரும் பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னே நிறுத்திவிடுகின்றனர். அத்தகைய வீட்டிலிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து நேரே உள்ளே வர வழியில்லை. இதற்குப் பரிகாரம், கிளவுடில் ஒரு சிறிய சர்வரை மாத வாடகைக்கு எடுப்பது. வீட்டு யந்திரம் தானே முன்வந்து அதனோடு வயர்கார்டு என்னும் ரகசியப் பாதையை அமைத்துக்கொண்டு, அப்பாதை அடைபடாதிருக்க அவ்வப்போது ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். நம் கைபேசியும் அதே வாடகை சர்வரை அணுகி, அப்பாதை வழியே வீட்டுக்குள் வரும். பொது முகவரி உள்ள சர்வரைக் கடவுச்சொல்லை மட்டும் நம்பித் திறந்து வைத்தலாகாது. கடவுச்சொற்களை ஊகித்து ஓயாமல் முயலும் நிரல்கள் இணையம் முழுவதும் உலவுகின்றன. சாவிக்கோப்பு உடையவரே நுழையலாம் என்று அமைப்பதுதான் தக்க பந்தோபஸ்து. மின்னஞ்சல் சர்வரை மட்டும் வீட்டில் வைக்க முயல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வீட்டு இணைப்பிலிருந்து வரும் அஞ்சல்களைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் சந்தேகித்துத் தள்ளிவிடுகின்றன.

இவை யாவற்றினும் முக்கியமானது நகல் வைத்தல். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் கட்டிடம் ஒன்று முற்றிலும் எரிந்து போயிற்று. வேறிடத்தில் நகல் வைத்திராத வாடிக்கையாளர் பலரின் தகவல்கள் அன்றோடு அழிந்தன. தொழிலாகவே நடத்துபவரிடத்தில் நேர்ந்தது, நம் கூடத்து மேஜையில் நேராது என்று எப்படிச் சொல்வது? ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் இரட்டை டிஸ்க், ஒன்று பழுதானால் காப்பாற்றும்; ஆனால் நாம் தவறுதலாய் அழித்த படத்தை அக்கணமே இரண்டிலிருந்தும் அழித்துவிடும். ஆகவே மூன்று பிரதிகள், இரு வேறு சாதனங்களில், அவற்றுள் ஒன்றாவது வெளியூரில் என்ற நியதியை இத்துறையினர் வற்புறுத்துகின்றனர். ரெஸ்டிக் போன்ற மென்பொருள், தகவல்களை வீட்டிலேயே பூட்டி, பூட்டிய வடிவில்தான் வெளியே அனுப்புகிறது. வைத்திருப்பவராலும் அதைப் படிக்க இயலாது. அந்தப் பூட்டின் கடவுச்சொல் தொலைந்தால் நமக்கும் அது திறவாது. எனவே அதைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் பத்திரங்களோடு வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைப்பது கட்டாயம்.

இந்தக் காரியத்தில் இறங்க எண்ணும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெளியூர்ப் பிரதியிலிருந்து பத்துப் படங்களையாவது வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்து, அவை பழுதின்றித் திறக்கின்றனவா என்று கண்ணால் பார்க்கும் வரையில், இப்போது பயன்படுத்தும் சேவையிலிருந்து ஒரு படத்தைக்கூட அழிக்காதீர்கள்.