ஊருக்குள் கரண்ட், வெளியூருக்குப் பெட்ரோல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை. போய்வர 25 கிலோமீட்டர் ஆகலாம். எப்போதாவது மதுரை, விசேஷம் வந்தால் சென்னை. இந்தப் பக்கம் கார் வைத்திருக்கும் பலருடைய ஓட்டம் இதுதான். பிளக்கில் சார்ஜ் ஏற்றி கரண்டிலும், தேவைப்பட்டால் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட் எஸ்யூவி இதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற வண்டி.

2013-இல் ஜப்பானில் வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டரின் பிளக்-இன் வடிவம்தான் இந்த ரகத்தை உலகறியச் செய்தது. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார், 12 யூனிட் கரண்ட் பிடிக்கும் பேட்டரி. நம் ஊரில் ஓடும் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டின் பேட்டரியில் ஒரு யூனிட்கூடப் பிடிக்காது. அதைப் பிளக்கில் செருகவும் முடியாது. பிளக்-இன் வண்டியை ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி மாட்டினால், காலையில் சார்ஜ் நிறைந்திருக்கும். அன்றாட ஓட்டத்துக்கு அதுவே போதும். பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் இருக்கிறது. நெடுந்தூரப் பயணத்தில் சார்ஜர் தேடி அலைய வேண்டியதில்லை.

மலைப்பாதையில்தான் இதன் அருமை தெரியும். ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, செங்கோட்டை தாண்டியதும் மலை ஏறுகிறது. ஏற்றத்தில் மோட்டாரும் இன்ஜினும் சேர்ந்து இழுக்கும். ஆரியங்காவு தாண்டித் தென்மலைக்கு இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும். பிரேக் கட்டைகளும் அவ்வளவாகத் தேயாது. ஆனால், பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் இந்தக் கரண்டுக்கு இடம் இருக்காது. அதனால் ஏற்றத்திலேயே பேட்டரியைச் செலவழித்துவிடுவது நல்லது.

இந்தியாவில் இது இன்னும் பணக்காரர் வண்டிதான். 2016-இல் வந்த வால்வோ எக்ஸ்சி90 டி8-இன் அப்போதைய விலையே சுமார் 1.25 கோடி ரூபாய். முழு எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; பெரிய பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கோ 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதம். பாதி ஓட்டம் கரண்டில் ஓடக்கூடிய வண்டிக்கு முழு பெட்ரோல் வண்டியின் வரி போடுவது நியாயமில்லை. பக்கத்து இலங்கையில், 2025-இல் கார் இறக்குமதித் தடை நீங்கிய பிறகு, பிஒய்டி சீலயன் 6 போன்ற பிளக்-இன் ஹைப்ரிட்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த வண்டிகள் ஆய்வகக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு கரியமில வாயு வெளியிடுவதாக ஐரோப்பிய ஆணையம் 2024-இல் அறிவித்தது. பலர் ஒழுங்காகச் சார்ஜ் போடாததே முக்கியக் காரணம். வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்குச் சாதாரண ஹைப்ரிட்டே போதும்.