ஒராங்குட்டான் குட்டி தொழில் பழகும் விதம்

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்கணுமா என்று நம்ம ஆட்கள் கேட்பார்கள். மீனைப் பொறுத்தமட்டில் அது சரிதான். ஆனால் ஒராங்குட்டான் விஷயத்தில் அந்தப் பேச்சு பொருந்தாது.

ஒராங்குட்டான், செம்பட்டை மயிர் கொண்ட பெரிய வாலில்லாக் குரங்கு. சுமாத்ரா, போர்னியோ ஆகிய இரண்டு தீவுகளின் காடுகளில் மட்டுமே வாழ்கிறது. மலாய் மொழியில் ஓராங் என்றால் மனிதன், ஹூத்தான் என்றால் காடு. இதன் குட்டி ஏழு, எட்டு வருஷம் தாயோடு ஒட்டிக்கொண்டே வளர்கிறது. அதற்குப் பிறகுதான் தாய் அடுத்த குட்டியைப் பெறுகிறாள். தகப்பன் எட்டியும் பார்ப்பதில்லை.

இத்தனை வருஷம் எதற்கு? படிக்க வேண்டியது அவ்வளவு இருக்கிறது. பழம், இலை, மரப்பட்டை, கறையான், தேன் என்று இருநூறு வகைக்குக் குறையாத தீனியை அது தெரிந்துகொள்ள வேண்டும். எது எப்போது பழுக்கும், எதைத் தோலோடு தின்னலாம், எந்த முள்ளை எப்படி விலக்குவது என்பதெல்லாம் அதில் அடங்கும்.

தாய் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. கையைப் பிடித்துக் காட்டுவதும் இல்லை, தப்பாகச் செய்தால் அடிப்பதும் இல்லை. குட்டிதான் பார்க்கிறது. அதுவும் சும்மா பார்ப்பது அல்ல. தாயின் கைக்கும் வாய்க்கும் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், கண் கொட்டாமல் பார்த்துக்கிட்டே இருக்கும். சுமாத்ராவின் சுவாக் பாலிம்பிங் சதுப்புக் காட்டில் கரோலின் ஷுப்ளி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதைப் பல ஆண்டுகள் கவனித்து, 2016இல் வெளியிட்டார்கள். தாய் தினமும் தின்னும் சாதாரண இலையைக் குட்டி அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எப்போதாவது கிடைக்கும் தீனி, உடைத்துக் கிண்டித் தின்ன வேண்டிய தீனி என்றால் விழுந்து விழுந்து பார்க்கிறது. பார்த்து முடித்த கையோடு, தானும் அதே வேலையைச் செய்து பார்க்கிறது.

கொழுந்து பறிக்கப் பழகிய யாருக்கும் இது விளங்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று வாயால் சொல்ல ஒரு நிமிஷம் போதும். விரல் பழகுவதற்குப் பக்கத்து நிரையில் நிற்கிறவரின் கையைத்தான் பார்க்க வேண்டும்.

படுக்கை போடுவதும் இப்படித்தான். ஒராங்குட்டான் ஒவ்வொரு சாயங்காலமும் மரத்தின் மேலே கிளைகளை வளைத்துப் பின்னி, இலை பரப்பிப் புதிதாகக் கூடு கட்டிப் படுக்கும். ஒரு வயசுக் குட்டியே சின்னக் கிளைகளை வளைத்து விளையாடத் தொடங்கிவிடும். ஆனாலும் பாரம் தாங்கும் கூடு கட்டப் பல வருஷம் பிடிக்கிறது. அதுவரை தாயின் கூட்டில்தான் தூக்கம்.

எல்லாவற்றையும்விட எங்களை யோசிக்க வைத்தது நீசியா என்ற பழத்தின் கதைதான். நீசியா, துரியானின் உறவுக்கார மரம். காய் மரக்கட்டை மாதிரி இருக்கும். முற்றியதும் வெடித்துக் கீறல் விடும். உள்ளே கொழுப்பு நிறைந்த விதைகள். ஆனால் அவற்றைச் சுற்றிலும், பட்டால் அரிப்பெடுக்கும் சுணை. சுவாக் ஒராங்குட்டான் ஒரு சின்னக் குச்சியை ஒடித்து, பட்டையை உரித்து, வாயில் கவ்விக்கொண்டு கீறலுக்குள் விடுகிறது. முதலில் சுணையைச் சுரண்டித் தள்ளும். பிறகு விதையை நெம்பி எடுத்துத் தின்னும். 1990களில் கரேல் வான் ஷைக் என்ற ஒல்லாந்து நாட்டு விஞ்ஞானியின் குழுவினர் இதைக் கண்டார்கள்.

பக்கத்தில் அலாஸ் என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அதன் மறுகரையிலும் நீசியா மரம் உண்டு, ஒராங்குட்டானும் உண்டு. ஆனால் அங்கே ஒரு பழத்திலும் சொருகிய குச்சி கிடைக்கவில்லை. ஒராங்குட்டானுக்கு நீச்சல் தெரியாது. ஆகவே இந்தக் கரையின் கைவேலை அந்தக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. இரத்தத்தில் வரும் குணமாக இருந்தால் இரு கரையிலும் இருந்திருக்கும் அல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. சுவாக் காட்டில் தீனி தாராளம். அதனால் பல ஒராங்குட்டான்கள் கிட்டக் கிட்ட வாழ்கின்றன. குட்டிக்குத் தாய் கை மட்டுமல்ல, பல கைகளைப் பார்க்கக் கிடைக்கிறது. பொம்பளைக் குட்டி பெரும்பாலும் தாயையே பார்க்கிறது, ஆண் குட்டி மற்றவர்களையும், வெளியிலிருந்து வந்தவர்களையும் அதிகம் பார்க்கிறது என்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெண் வளர்ந்த பிறகும் தாயின் காட்டை ஒட்டியே வாழ்வாள். ஆணோ தூர இடத்துக்குப் போகிறவன். தீனி குறைந்த காட்டில் அவரவர் தனித்தனியே அலைய வேண்டும். அங்கே கெட்டிக்காரி ஒருத்தி புது வழி கண்டுபிடித்தாலும், பார்க்க ஆளில்லாமல் அது அவளோடு போய்விடும்.

அப்படியானால் தாயைக் கொன்றால் என்ன ஆகும்? வீட்டில் வளர்ப்பதற்குக் குட்டியை விற்கிறவர்கள் தாயைக் கொன்றுதான் குட்டியைப் பறிக்கிறார்கள். காடுகளும் குறைந்து வருகின்றன. அச்சே மாகாணத்தின் திரிப்பா சதுப்புக் காட்டில் பெரும் பகுதி முள்ளுத்தேங்காய்த் தோட்டமாகிவிட்டது.

பறிபோன குட்டிக்கும் பார்த்துப் பழகும் கண் அப்படியே இருக்கிறது. எதிரில் இருப்பதுதான் வேறு. பிருட்டே கால்டிகாஸ் 1971இல் போர்னியோவில் தொடங்கிய லீக்கி முகாமில், மனிதரிடமிருந்து மீட்கப்பட்ட ஒராங்குட்டான்கள் இருந்தன. அவை வேலையாட்களைப் பார்த்துச் சவர்க்காரம் போட்டு உடுப்புக் கழுவின, தோணியில் ஏறிப் போயின. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. ஆனால் காட்டில் அந்த உடுப்புக் கழுவலால் வயிறு நிறையாது.

அதனால் 1999இல் போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியில் தொடங்கிய நியாரு மென்டெங் நிலையத்தில், பராமரிக்கும் பெண்கள் தாய்மாராக நிற்கிறார்கள். காலையில் குட்டிகளைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கறையான் புற்றை உடைத்துக் காட்டுகிறார்கள், மரம் ஏறத் தூண்டுகிறார்கள். இந்தப் பள்ளிக்கூடமும் பல வருஷம் நடக்க வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் கூண்டில் கிடந்து பெரிதாகிவிட்ட சிலவற்றுக்குப் பாடம் ஏறுவதேயில்லை. அவற்றைக் காட்டில் விட முடியாது. ஆற்றுக்கு நடுவே உள்ள தீவுகளில் வைத்து, வெளியிலிருந்து தீனி கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.